சுற்றாத காது

"எல்லாம் நார்மல்தான் சார், போய்ட்டு வாங்க" என்று ஒரு டாக்டர் சொன்னால் மனுஷனுக்கு நிம்மதிதான் வரவேண்டும். எனக்குக் கோபம் வந்தது. அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் குளியலறைத் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, இரண்டு டைல்ஸுக்கு நடுவே ஓடும் கோட்டையே பிடிமானமாகப் பார்த்துக்கொண்டு, இரண்டரை மணி நேரம் கிடந்திருந்தேன். அந்தக் கோடும் நின்றபாடில்லை; இடப்பக்கமாக நழுவிக்கொண்டே போகும், வெடுக்கென்று திரும்பி வரும், மறுபடி நழுவும். கண்ணை மூடினால் இன்னும் மோசம். இடது காதுக்குள் பெரிய மோட்டார் ஓடுகிற இரைச்சல். வாந்தி எடுக்கக்கூடத் தலையைத் திருப்பப் பயம். அப்படிக் கிடந்தவனை, உடம்பு நன்றாக இருக்கும் ஒரு காலை நேரத்தில் நிற்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, நின்ற இடத்திலேயே 50 அடி எடுத்துவைக்கச் சொல்லி, விரலால் மூக்கைத் தொடச் சொல்லி, எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் முடித்து "நார்மல்" என்று எழுதிக் கொடுத்தால்? கூடவே "டென்ஷனைக் குறைச்சுக்கோங்க" என்று ஓர் இலவச இணைப்பு வேறு.

கோடைக்காலத்தில் வந்து கூரையில் ஒழுகல் பார்க்கிற கொத்தனாரைப் போல என்று அன்றைக்கு மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். ஆனால் அந்த "நார்மல்" என்ற சொல் பல மாதம் என்னை விடவில்லை. அடுத்த முறை தலை சுற்றியபோது, தரையில் கிடந்துகொண்டே, நிஜமாகவே நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்று யோசித்தேன் பாருங்கள், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. மெனியேர் என்று பின்னால் பெயர் தெரிந்த இந்த உள்காது நோயில் வெளியே காட்ட எதுவும் கிடையாது. காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, எக்ஸ்ரேயில் கோடு இல்லை. மறுநாள் காலை எழுந்து வேலைக்குப் போகிறோம். கொஞ்சம் மந்தமாக, காது அடைத்த மாதிரி, ஆனால் போகிறோம். ஒரு பக்கத்துக் காது ஏமாற்றினாலும் மூளை கணக்கைச் சரிசெய்துகொள்கிறது. கண்ணும் பாதமும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. அதனால்தான் இரண்டு தாக்குதல்களுக்கு இடைப்பட்ட நாட்களில் நம்மில் பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டு கம்பம் மாதிரி நின்றுவிடுகிறோம். நிற்க முடிகிறது என்பதால் காது நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. எனக்கு அது அப்போது தெரியாது. எழுதிக் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு வேறொரு டாக்டர் என் கேட்கும் திறனைப் பதிவு செய்து பார்த்தார். இடது காதில் தாழ்ந்த ஸ்வரங்கள் மட்டும் இறங்கியிருந்தன. இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது கொஞ்சம் ஏறியிருந்தன. அதையும், 20 நிமிடத்திலிருந்து 12 மணி நேரத்துக்குள் அடங்குகிற சுழற்சி இரண்டு தடவைக்கு மேல் வந்ததையும், இரைச்சலையும் அடைப்பையும் சேர்த்து மெனியேர் நோய் என்றார். 2015-ல் வகுத்த அளவுகோல்படி அவ்வளவு போதும். அந்த அளவுகோலில் சமநிலைப் பரிசோதனை எதுவுமே இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனாலும் காதின் சமநிலையைப் பார்க்கும் டெஸ்டுகளுக்கு எழுதிக் கொடுத்தார். அப்புறம் எதற்கு டெஸ்ட்? நானும் அதைத்தான் கேட்டேன். "உங்க காது என்ன நிலைமையில இருக்குன்னு நமக்குத் தெரியணும் இல்லையா" என்றார். எந்தக் காது, எவ்வளவு, இன்னொரு காதிலும் தொடங்கியிருக்கிறதா, இது ஒருவேளை ஒற்றைத் தலைவலியோடு வருகிற வேறு வகைத் தலைசுற்றலா என்பதெல்லாம் என் வாய்மொழியை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாதாம். நாளைக்கு மாத்திரை கேட்காமல் காதுக்குள் ஜென்டாமைசின் ஊசி போட்டு அந்தப் பக்கத்தை மழுங்கடிக்க வேண்டிய நிலை வந்தால், மறுபக்கம் உருப்படியாக இருக்கிறதா என்று தெரியாமல் யாரும் கைவைக்க மாட்டார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன்.

மாத்திரை இல்லாத இரண்டு நாள்

டெஸ்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. தலைசுற்றலை அடக்கும் மாத்திரைகள், தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் 48 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொன்னார்கள். காரணம் நியாயமானதுதான், காதை மந்தமாக்குகிற மருந்து உள்ளே இருந்தால், மந்தம் காதினுடையதா மருந்தினுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. (எதை நிறுத்துவது என்பதை அவரவர் டாக்டர்தான் சொல்லவேண்டும், சில மருந்துகளைச் சட்டென்று நிறுத்தக்கூடாது.) ஆனால் அந்த இரண்டு நாளை ஒரு மெனியேர் நோயாளி எப்படிக் கழிப்பான் என்று அந்த அச்சடித்த தாளில் ஒரு வரி கிடையாது. நான் படி இறங்கவில்லை, வண்டி எடுக்கவில்லை, சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டே திரிந்தேன். ஒரு பக்கம் தாக்குதல் வந்துவிடுமோ என்ற பயம். இன்னொரு பக்கம், இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, டெஸ்ட் நடக்கும்போதே வந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்ற நப்பாசை. ஒரு தடவை அவர்கள் கண்ணெதிரே விழுந்து காட்டிவிட்டால் "நார்மல்" என்ற பேச்சே எழாதல்லவா.

வரவில்லை. அன்றைக்குக் காலை, பல மாதத்தில் இல்லாத தெளிவோடு எழுந்தேன்.

பரிசோதனை அறை சின்னது. காதைச் சோதிக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் இளம்பெண், என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். முதலில் காதில் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு நீச்சல் கண்ணாடி மாதிரி இறுக்கமான ஒன்றை மாட்டினார். அதிலிருக்கும் சிறு கேமரா கண்மணியின் அசைவை நொடிக்கு 250 தடவை படம் பிடிக்கும் என்றார். சுவரில் ஒரு புள்ளி. நான் அதையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் பின்னால் நின்று என் தலையைப் பிடித்து எதிர்பாராத நேரத்தில் வெடுக் வெடுக்கென்று சிறு கோணத்தில் திருப்புவார். காது ஒழுங்காக வேலை செய்தால், தலை இடப்பக்கம் போகும் அதே கணத்தில் கண் அதே அளவு வலப்பக்கம் போய் புள்ளியிலேயே நிற்கும். வேலை செய்யவில்லை என்றால் கண் தலையோடு சேர்ந்து போய்விட்டு, பிறகு குதித்துத் திரும்பும். கையால் தலையைத் திருப்பி வெறுங்கண்ணால் பார்க்கும் முறையை ஹல்மாகியும் கர்தாய்ஸும் 1988-ல் எழுதினார்கள். கேமரா பின்னால் வந்தது. ஆளை உலுக்குகிற மாதிரி இருக்குமே தவிரத் தலை சுற்றாது. கண் எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்பது ஓர் எண்ணாக வரும், 1 என்றால் அச்சாக ஈடுகொடுக்கிறது. எனக்கு வலப்பக்கம் 0.97, இடப்பக்கம் 0.94.

"நார்மல் சார்" என்றார். எனக்கு முகம் தொங்கிவிட்டது. அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும், "இன்னும் இருக்கு" என்றார்.

அடுத்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கழுத்துத் தசையில் மின்முனை ஒட்டி, தலையைத் தூக்கித் திருப்பிவைத்துக்கொள்ளச் சொல்லி, காதில் டப் டப்பென்று பலத்த ஒலி கொடுப்பார்கள். உள்காதில் புவியீர்ப்பை உணரும் பை ஒன்று இருக்கிறது. அது அந்த ஒலிக்கு அசைந்தால் கழுத்துத் தசை ஒரு கணம் தளரும். மெனியேர் நோயில் பெரும்பாலும், ஒலியை உணரும் காது நத்தைக்கு அடுத்தபடி வீங்குவது இந்தப் பைதான். வழக்கமாக 500 ஹெர்ட்ஸ் ஒலிக்கு நன்றாகப் பதில் சொல்லவேண்டியது, வீங்கிய காதில் 1000 ஹெர்ட்ஸ் பக்கம் நகர்ந்துவிடுவதுண்டு. எனக்கு இடப்பக்கம் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது, ஆனால் உறுதியாகச் சொல்லும்படி இல்லை. கழுத்து வலித்தது மட்டும் உறுதி.

தண்ணீர்

கடைசியாகக் காலரிக் டெஸ்ட். எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான், கடைசியில் வைப்பதும் அதனால்தான். இதற்குப் பிறகு வேறு எதையும் செய்ய ஆளுக்குத் தெம்பு இருக்காது. தலையை 30 டிகிரி உயர்த்திப் படுக்கவைத்து, கண்ணாடியை இருட்டாக மூடி, காதுக்குள் 44 டிகிரி வெந்நீர் அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூட ஓடவிடுவார்கள். பிறகு மறு காது. பிறகு இரண்டிலும் 30 டிகிரி. உடம்புச் சூட்டுக்கு ஏழு டிகிரி மேலே, ஏழு டிகிரி கீழே. 1942-ல் ஃபிட்ஸ்ஜெரால்டும் ஹால்பைக்கும் வகுத்த கணக்கு, இன்னும் அதுதான். சூட்டினால் உள்ளே அரைவட்டக் குழாயின் திரவம் ஒரு பக்கம் இலேசாகி மேலே ஏறும், அந்த ஓட்டத்தில் உணர்வு மடல் வளையும், தலை திரும்புகிறது என்று மூளை நம்பிவிடும். தலையோ தலையணையில் இருக்கிறது.

இந்தச் சோதனை பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வியன்னாவில் பாரானி என்ற காது டாக்டர் நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது அவர்களுக்குத் தலை சுற்றியது. தண்ணீர் சூடு போதாததால்தான் சுற்றுகிறது என்று ஒருவர் குறைப்பட, சூடாகக் கொண்டுவரச் சொன்னாராம். வந்த தண்ணீர் அதிகச் சூடு, அதற்கும் தலை சுற்றியது, ஆனால் கண் இழுத்த திசை நேர் எதிராக இருந்தது. அந்த ஒரு புகாரில் பிடித்துக்கொண்டவருக்கு 1914-க்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. நோயாளியின் முணுமுணுப்பைக் காதில் வாங்கிக்கொண்ட ஒரு டாக்டர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

முதலில் வலது காது. இருபது நொடி ஒன்றுமில்லை. பிறகு கட்டில் மெல்ல நகர ஆரம்பித்தது, அப்புறம் என்னைத் தூக்கி எறிந்தது. இரண்டு கைகளாலும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "கண்ணை மூடாதீங்க சார், அ-விலிருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பேர் சொல்லுங்க" என்றார். சும்மா கிடந்தால் மூளை அந்தக் கண்ணசைவை அடக்கிவிடுமாம், அதனால் அதற்கு வேறு வேலை கொடுக்கிறார்கள். அருண், ஆனந்தி, இளங்கோ, ஈஸ்வரி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன், உலகமே பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருக்க. நடுவில் கண்ணாடிக்குள் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி எரிந்தது. அதை உற்றுப் பார்த்ததும் சுழற்சி சட்டென்று தணிந்தது. சிறுமூளை சரியாக இருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளமாம். இரண்டு நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. சட்டை நனைந்திருந்தது.

ஐந்து நிமிட ஓய்வுக்குப் பிறகு இடது காது. கட்டிலை முன்கூட்டியே இறுகப் பிடித்துக்கொண்டேன். என்னைத் தரையில் சாய்த்த காது அல்லவா, என்ன ஆட்டம் போடப்போகிறதோ. தண்ணீர் ஓடியது. நின்றது. அருண், ஆனந்தி என்று தொடங்கினேன். இளங்கோ, ஈஸ்வரி, உமா. ஊஞ்சலில் கடைசி ஆட்டம் இருக்குமே, அப்படி இலேசாக ஓர் அசைவு. அவ்வளவுதான். நிதானமாக ஐயப்பன், ஒண்டிவீரன் எல்லாம் தாண்டி ஔவை வரைக்கும் வந்துவிட்டேன்.

எனக்கு ஒரே மகிழ்ச்சி. "பரவாயில்லையே மேடம், இந்தக் காது இப்ப தேறிடுச்சு போல" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. குளிர்ந்த நீரிலும் அதே கதை: வலதில் சூறாவளி, இடதில் தென்றல். நாலும் முடிந்து, என்னை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

"சார், சுத்தணும். சுத்தினாத்தான் அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். உங்க வலது காதுதான் நல்ல காது."

தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாலு வருடமாகத் தலைசுற்றல் என்றால் நோய், சுற்றாவிட்டால் சுகம் என்று வாழ்ந்தவனுக்கு அந்த வாக்கியம் உள்ளே இறங்கச் சிறிது நேரம் பிடித்தது. அந்தக் காது என்னைக் கீழே தள்ளிய நாட்களில் மட்டும் கெட்டிருக்கவில்லை. ஒன்றும் நடக்காத நாட்களிலும், "நார்மல்" என்று எழுதி வாங்கிய அந்தக் காலையிலும், அது பாதித் தூக்கத்தில்தான் இருந்திருக்கிறது. இடப்பக்கம் 46 சதவீதம் பலவீனம் என்று தாளில் வந்தது. 25-ஐத் தாண்டினாலே பொதுவாகக் கணக்கில் எடுப்பார்கள். சந்தோஷப்பட வேண்டிய எண் இல்லைதான். ஆனால் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டபோது எனக்குள் இருந்தது வருத்தம் என்று சொன்னால் அது பொய்.

இரண்டு சாட்சி, இரண்டு வாக்குமூலம்

வீட்டுக்கு வரும் வழியில்தான் அடுத்த குடைச்சல் தொடங்கியது. தலையை வெட்டித் திருப்பிய டெஸ்டில் 0.94. தண்ணீர் டெஸ்டில் பாதிதான். இரண்டும் ஒரே காதை, அதிலும் அதே படுக்கைவாட்டுக் குழாயைத்தான் பார்க்கின்றன. ஒன்று பொய் சொல்லியாக வேண்டுமே?

அடுத்த வாரம் டாக்டரிடம் இதைக் கேட்டேன். அவர் இரண்டு தாள்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இந்த ரெண்டும் ஒத்துப்போகாம இருக்கே, அதுதான் இதுல முக்கியமான விஷயம்" என்றார். தண்ணீர் காதைத் தூண்டுவது மிக மிக மந்தமான வேகத்தில். ஏறக்குறைய 0.003 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு தடவை தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பி முடிக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிற மாதிரி. அப்படி யாரும் தலையைத் திருப்புவதில்லை. கையால் வெட்டித் திருப்புவதோ நாம் நடக்கும்போதும் யாராவது கூப்பிட்டுத் திரும்பும்போதும் இருக்கிற வேகம். சமநிலை நரம்பின் அழற்சியில் அடிபட்ட காது பெரும்பாலும் இரண்டிலும் தோற்கும். மெனியேர் காது பலருக்குத் தண்ணீரில் தோற்று, வெட்டில் ஜெயிக்கும்.

ஏன் என்பதற்கு அவர் சொன்ன ஒரு விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. இந்த நோயில் உள்காதின் சவ்வுக்குழாய் நீர் கோத்து உப்பிவிடுகிறது. 1938-லேயே இறந்தவர்களின் காது எலும்பைச் சீவிப் பார்த்து லண்டனிலும் ஜப்பானிலும் தனித்தனியே கண்டது இது. ஒடுங்கிய குழாயில் சூடு பட்டால் திரவம் ஒரே திசையில் தள்ளி மடலை வளைக்கும். உப்பிய குழாயில் அந்தச் சூட்டு ஓட்டம் அகலமான அந்த இடத்திலேயே சுழன்று அடங்கிவிடும், மடல்வரை அழுத்தம் போய்ச் சேராது. தலையை வெட்டித் திருப்பும்போது குழாய் உப்பியிருந்தாலும் திரவம் மொத்தமாகத்தான் பின்தங்கும், மடல் வளைந்துவிடும். இன்னொரு சாரார், மெதுவான அசைவுக்கும் வேகமான அசைவுக்கும் வேறு வேறு உணர்செல்கள் இருக்கின்றன, நோய் ஒரு வகையைத்தான் அதிகம் தின்கிறது என்கிறார்கள். வழக்கு முடியவில்லை. சூட்டு ஓட்டக் கதையே முழுக் கதை இல்லை என்பதற்கும் சாட்சி இருக்கிறது: 1983-ல் ஸ்பேஸ்லாப் என்ற விண்வெளி ஆய்வுக்கூடத்தில், இலேசானது மேலே ஏறுவது என்பதே இல்லாத எடையற்ற நிலையிலும், காதைச் சூடாக்கியபோது கண் அசையத்தான் செய்தது.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. என் முதல் டாக்டர் தலையை வெட்டித் திருப்பும் டெஸ்டை மட்டும் செய்திருந்தால்கூட "நார்மல்" என்றுதான் எழுதியிருப்பார், இந்த முறை இயந்திரத்தின் கையெழுத்தோடு. அந்தத் தாளில் எந்த வேகத்தில், எந்த உறுப்பில், நோயாளி எந்த நிலையில் இருந்த நாளில் என்று மூன்று சொல் சேர்த்து எழுதுவதில் யாருக்கு என்ன நஷ்டம்? காது ஆடியாலஜிஸ்டின் நாட்காட்டியைப் பார்த்து நோய்வாய்ப்படுவதில்லை. என்னுடைய 46 சதவீதமும் நிரந்தரம் இல்லை. ஒரு வருடம் கழித்து எடுத்தபோது 31. தேறிவிட்டதா என்று கேட்டதற்கு, "அன்னைக்கு அப்படி, இன்னைக்கு இப்படி" என்று மட்டும் சொன்னார் அந்த ஆடியாலஜிஸ்ட். நீண்ட காலத்தில் இறங்குவதுதான் பொதுவான போக்கு என்பதையும் மறைக்கவில்லை. 1861-ல் பாரிஸில் மெனியேர் என்ற டாக்டர் இது காதின் கோளாறு என்று சொல்லும்வரை இந்தத் தாக்குதல்களை மூளையில் ரத்தம் ஏறிய கோளாறு என்று நினைத்து, அட்டையைக் கடிக்கவிட்டு ரத்தம் எடுத்தார்கள். அதோடு ஒப்பிட்டால் "டென்ஷனைக் குறைச்சுக்கோங்க" எவ்வளவோ மேல் என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

தாக்குதல் நடக்கும்போதே கண்ணைப் படம் பிடித்துக்கொண்டு வந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது என்று அந்த ஆடியாலஜிஸ்ட்தான் சொன்னார். பலருக்கு அப்போது கண் முதலில் நோயுள்ள காதின் பக்கம் வெட்டும், கொஞ்ச நேரத்தில் திசை மாறி எதிர்ப்பக்கம் வெட்டும், தேறும் சமயத்தில் மறுபடியும் மாறலாம். போன மாதம் ஒன்று வந்தது, நள்ளிரவு தாண்டி. தரையில் படுத்தபடியே போனைத் தேடியெடுத்து முகத்துக்கு நேரே பிடித்தேன். நாலரை நிமிடம் ஓடியிருக்கிறது. அதில் பெரும்பகுதி மேற்கூரை, கொஞ்சம் புருவம், பின்னணியில் என் முனகல். நடுவே 11 நொடி மட்டும் இடது கண் தெளிவாக விழுந்திருந்தது. மெதுவாக நழுவி, வெடுக்கென்று திரும்பி, மறுபடி நழுவி. டைல்ஸ் கோடு ஒருநாளும் நழுவியிருக்கவில்லை என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

படத்தை அவரிடம் கொண்டுபோய்ப் பெருமையாகக் காட்டினேன். மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தார். வலப்பக்கம் வெட்டுகிறது என்றார். "இது ஆரம்பிச்சு எத்தனையாவது நிமிஷம் சார்?"

போனில் மணி பதிவாகியிருந்தது. தாக்குதல் எப்போது தொடங்கியது என்பதைத்தான் நான் பார்க்கவில்லை. இப்போது கட்டிலுக்கு எதிரே பெரிய முள் கடிகாரம் ஒன்று மாட்டியிருக்கிறேன், அது சுற்றும்போது எந்த முள் எதுவென்று தெரியுமா என்பது அடுத்த தடவைதான் தெரியும்.